மாற்றங்கள் ஏதும் உண்டா

பதினெட்டு நிமிடம் பியானோ கேட்ட பிறகு
ஒரு பெண் வந்தாள். பெயர் கெர்ரி.
பிறந்த திகதி, வண்டி இரவில் உறங்கும் இடம்
எல்லாம் வாங்கிக்கொண்டு
"மாற்றங்கள் ஏதும் உண்டா?" என்றாள்,
தேத்தண்ணிக்குச் சீனி போடவா என்பதுபோல.

எதிலிருந்து?

"தொழிற்சாலையை விட்டு வந்தபோது
இருந்ததிலிருந்து."

அப்போது நான் அதைக் கண்டதில்லை, கெர்ரி.
கண்டது பக்கனத்தில், ஒரு கராஜில்,
கிறிஸ்மஸ் மரப் பெட்டிக்கும்
புல்வெட்டும் மெஷினுக்கும் நடுவில்.
விற்றவருக்கே அது இரண்டாம் கை.

ஸ்பிரிங்வேலில் டுவானிடம் உருட்டிப்போனேன்.
டோர்ச்சைப் பல்லில் கடித்தபடி குந்தியிருந்து
அசல் இல்லாத இடமெல்லாம்
சோக்கால் பொட்டு வைத்தான்.
சைலன்சர். ஹாண்டில், இரண்டு அங்குலம் உயர்த்தியது.
பின் மட்கார்ட், யாரோ அவசரக்காரன் அறுத்தது.
எழுந்து கை துடைத்தபோது
வண்டி அம்மை போட்ட பிள்ளைபோல் நின்றது.
"மிச்சம்தான் தொழிற்சாலை," என்றான்.

சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும் என்றார் மச்சான்.
விழுந்தால் தெரியும்.
விழுந்த இடத்துக்கு அவர்களும் ஒரு டோர்ச்சோடுதான் வருவார்கள்.

மறுபடி பியானோ. மறுபடி கெர்ரி, அதிசயமாக அவளே.
ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி:
செயல்திறனுக்கா, தோற்றத்துக்கா?
சைலன்சர் சத்தத்துக்கு என்றேன்.
சத்தத்துக்குப் பெட்டி இல்லை.
தோற்றம் என்று போட்டாள்.

இருக்கை என் குற்றம்.
டண்டினோங்கில் சோபா தைப்பவரிடம் கொடுத்து
நாலு விரல் தடிப்பு நுரையை வெட்டுவித்தேன்.
செயல்திறனா, தோற்றமா?
கால் நிலத்தில் முட்டுவதற்கு, கெர்ரி.
நான் நாலடி பதினொன்று.
சிவப்பு விளக்கில் இருநூறு கிலோவை
ஒரு பெருவிரல் நுனியில் பிடித்துக்கொண்டு
பச்சைக்காகக் கும்பிட்டிருக்கிறீர்களா?

செயல்திறன் என்றாள்.
வருடத்துக்கு நாற்பத்தொரு டொலர்.

டாங்கில் ஒரு பள்ளம், அதையும் சொன்னேன்.
"அது மாற்றமல்ல, சேதம்."
என்ன வித்தியாசம்?
திரையில் எங்கோ பார்த்து வாசித்தாள்:
"மாற்றம், ஒருவர் வேண்டுமென்று செய்தது.
சேதம், தானாக நேர்ந்தது."
அதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.
பிறகு, இடது மணிக்கட்டில் ஒரு தகடும்
ஐந்து ஆணியும் உண்டு என்றேன்.
நேர்ந்ததுதான், ஆனால்
வேண்டுமென்றே பூட்டினார்கள்.
"அது வேறு பிரிவு," என்றாள்,
சிரிப்பை விழுங்கி.

"வேறேதும்?"

ஒன்று இருந்தது. சொல்லவா விடவா என்று
நாக்கு புரண்டது.
ஆய்வுகூடத்துக்குப் பின்னால்,
இரவு வேலைக்காரருக்குப் புல்லில்தான் இடம்.
மழை பெய்தால் ஸ்டாண்ட் மண்ணில் இறங்கி
வண்டி குடிகாரன்போல் சரியும்.
பால்மா டின் மூடியை மூன்றாய் மடித்து
சம்மட்டியால் தட்டி
இரண்டு கம்பியால் கட்டியிருக்கிறேன்.

தட்டச்சுச் சத்தம் நின்றது.

"பெறுமதி?"

பால்மா முடிந்துவிட்டது, கெர்ரி.

வியாழக்கிழமை கடிதம் வந்தது, பதினாலு பக்கம்.
ஒன்பதாம் பக்கத்தில்
சைலன்சருக்கும் இருக்கைக்கும் இடையில்
என் தகரம் நேராக நிமிர்ந்து நின்றது:
பக்க ஸ்டாண்ட், அடித்தகடு,
உரிமையாளரே செய்தது. பூச்சியம் டொலர்.

களவு போனால்
பூச்சியம் டொலர் தருவார்கள்,
மறுக்க முடியாது.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு
வண்டியைக் கழுவப் போனேன்.
வலது இன்டிகேட்டரின் அடியில்,
தண்ணீர் படாத இடத்தில்,
டுவானின் சோக்குப் பொட்டு ஒன்று
இன்னும் அழியாமல்.

ஈரக் கையோடு இலக்கத்தை அழுத்தினேன்.
பியானோ.