ஏழாம் கூடு

லைனுக்கு மேல் கிளை வெட்டப் போகுமுன்
ஒரு படிவம் நிரப்ப வேண்டும்.
தமிழ்ப் பக்கத்தின் ஏழாம் கூடு கேட்டது:
வேலைநீக்க முடிச்சின் பெயர்?

"கயிறு கொளுக்கியில முடியிற இடம், அதைத்தான் கேக்குறான்."
சிங்கள வரியில் விரலை வைத்திருந்தான் சுனெத்.

பூனாகலை மேற்பிரிவு. மழை விட்டும் சொட்டும்
டர்பன்டைன் மரம், லயத்துத் தகரத்தின் மேல் சாய்ந்தபடி.
பேனையோடு அதன் கீழே குந்தினேன்.

எட்டு முடிச்சை நம்பலாம்.
தூரத்தில் நின்றே யாரும் சரிபார்க்கலாம்.
ஆனால் நாள் முழுக்க என்னைச் சுமந்த பின்
பல்லால் கடித்தாலும் இளகாது.
கொளுக்கியையும் கோணலாய்ப் புரளவிடும்.
புரண்ட கொளுக்கி
வாய்ப்பக்கத்தில் பாரம் வாங்கும்.

வளைய முடிச்சு நல்ல பிள்ளை.
இறங்கியதும் இரண்டு விரலில் அவிழும்.
அதுதான் பயம்.
பங்குனிக் காற்றில் ஒருநாள்
கவட்டையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தேன்.
பாரமில்லாத கயிறு ஆடி ஆடித்
தானாய்த் தளர்ந்திருந்தது.
ஒரு சாண் விட்ட வால்
இரண்டு விரற்கடை.
போத்தல் மூடியை மெதுவாகத் திருகினேன்.
சுனெத்துக்குச் சொல்லவில்லை,
இன்றுவரை.

தைத்த கண்ணோடும் கயிறு விற்கிறார்கள். அழகு.
கண் தேய்ந்தால் கயிறே போச்சு.
முடிச்சென்றால் ஒரு முழம் வெட்டி எறிந்து
மறுபடி கட்டலாம்;
விலை என் மூன்று மாதச் சம்பளம்.

அதனால் இப்போதெல்லாம்
கொளுக்கிக்குள் நுழைத்த நுனியைத் திருப்பி
கயிற்றின் மேலேயே இரண்டு சுற்று,
சுற்றின் வயிற்றுக்குள் நுனி,
பிறகு காலை ஊன்றி முழுப் பாரத்தையும் போட்டு இழுப்பேன்.
கொளுக்கியின் கழுத்தைக் கவ்வி நிற்கும்.
சும்மா தொங்கும்போதும் விடாது.
அதற்கு எங்களிடம் பெயரில்லை.

வேலைநீக்க முடிச்சு என்றால்
இந்த லயத்தில் எல்லாருக்கும் தெரியும்.
வெள்ளிக்கிழமை, ஒரு கடிதம்.
அவிழ்கிற சத்தமே கேட்காது.

கூட்டுக்குள் எழுதினேன்:
இரண்டு சுற்று, வால் ஒரு சாண்.
பொறுப்பாளர் வாசிக்காமல் கையெழுத்திட்டார்.

முதல் கவட்டையைத் தொடுமுன்
கீழிருந்து சுனெத் கத்தினான்,
பெயரெல்லாம் கேட்காமல்:
"வால் எவ்வளவு?"

கையை விரித்து வைத்துப் பார்த்தேன்.
"சாண்" என்றேன்.