ஈரக் கழிவு

ரோலர் மெஷின் இருபது வருஷத்தில்
என் இரண்டு காதையும் அரைத்துத் தூளாக்கியது.
அப்புறம் ஸ்டோரின் மேல்மாடிக்கு ஏற்றிவிட்டார்கள்,
கொழுந்து வாடுகிற இடத்துக்கு.
இங்கே என் வேலை இரண்டு கண்ணாடிக் குழாயைப் பார்ப்பது.
ஒன்றின் காலில் ஈரத்துணி, மற்றதன் கால் காய்ந்தது.
இரண்டும் எவ்வளவு விலகி நிற்கின்றனவோ
அதை வைத்து பொகவந்தலாவைக் காற்றின் ஈரத்தை எழுதவேண்டும்.

சுலோஜினி என்னிடம் கத்துவதில்லை.
பௌதிகக் கொப்பியின் பின்தாளில் எழுதிக் காட்டுவாள்:
முந்நூறு வருஷத்துக்கு முன்னே பாரிஸில் ஒருத்தர் இருந்தார் அப்பா,
சின்ன வயதிலேயே காது போய்விட்டது,
வைத்தியமே வேண்டாம் என்றாராம்.
டிஸ்பென்சரிச் சொட்டுமருந்தை நினைத்துக்கொண்டேன்.
மூன்று போத்தல்.

தோல்பந்தில் பாதரசம் அடைத்து
காற்று நனைவதை அளந்தாராம்.
ஒன்றன்மேல் ஒன்றை வைத்து இழுத்துப் பார்த்து
உராய்வுக்குப் பரப்பு கணக்கில்லை,
பாரம்தான் கணக்கு என்றாராம்.
சபை நம்பவில்லை.
வேறொருவரை விட்டுச் சரிபார்த்தது.
அவருக்கும் அதே விடை.

எனக்கும்தான் நம்பிக்கை வரவில்லை.
ராத்திரி ஒரு தேயிலைப் பெட்டியைப் பலகையில்
படுக்கவைத்து இழுத்தேன், நிமிர்த்திவைத்து இழுத்தேன்.
தராசு முள் ஒரே இடத்தில் நின்றது.
சத்தமாகச் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது,
வாச்சர் டோர்ச்சை என் முகத்தில் அடித்தார்.

அதிலிருந்து கை சும்மா இருக்கவில்லை.
மழை நாளில் மடுவத்தில்
ஈரத்துக்கென்று பத்துக் கிலோவுக்கு இரண்டு கிலோ கழிக்கிறார்கள்.
அந்த இரண்டை அளந்தவன் யார்?
ஐப்பசி மழையில் ஊறிய பத்துக் கிலோ கொழுந்தை
பழைய சேலையில் கொட்டி ஒற்றி, மறுபடி நிறுத்தேன்.
எழுநூறு கிராம் தண்ணீர்.
ஆறு நாள் செய்தேன். ஒரு நாள் மட்டும் எண்ணூறு.
அதையும் மறைக்காமல் எழுதினேன்.

தாளை டீமேக்கர் ஐயாவின் மேசையில் வைத்தபோது
அவர் வாய் வெகுநேரம் அசைந்தது.
வெற்றிலைக் காவி பல்லில் தெரிந்தது.
அசைந்து முடியும்வரை நின்றேன்.
பிறகு, எண்ணூறின் கீழே விரலை வைத்தேன்.
கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள், அப்போதும் ஒன்றுக்குக் குறைவு.

தொலைவில் ஆட்களை நிறுத்தி,
தூரக்கண்ணாடியால் பார்த்து, சைகையிலேயே
எழுத்தெழுத்தாய்ச் செய்தி அனுப்பவும் முயன்றாராம் அந்த மனிதர்.
நாற்பத்திரண்டில் செத்துப்போனார்.
எனக்கு நாற்பத்தாறு.

சாயங்காலம் நாலரை. மாடி ஜன்னலில் நிற்கிறேன்.
எதிரே ஏழாம் நம்பர் மலை.
நிறுவை முடிந்து தங்கேஸ்வரி மடுவத்துக்கு வெளியே வருகிறாள்,
இடுப்புப் படங்கை அவிழ்த்துத் தலைக்கு மேல் தூக்குகிறாள்.
எங்கள் ஏற்பாடு: ஒரு வீச்சுக்கு ஒரு கிலோ கழிவு.

ஒன்று.

படங்கு இறங்குகிறது.
அவள் கை மறுபடி எழுமா என்று பார்ப்பதற்குள்
மேகம் நடுவில் வந்து நிற்கிறது.