எடைத் தூளி

பணகுடிக்கு மேற்கே
காற்றாலைகள் ஆடி முழுக்கத் தூங்கவில்லை.
நானும்.

பிள்ளை பிறந்து நாற்பத்தேழாம் நாள்
ரோஸ்லின் அக்கா ஸ்கூட்டியில் வந்தாள்.
பிள்ளையைத் தூளியில் போட்டுத் தூக்கி
நாலு கிலோ இருநூறு என்றாள்.
பிறகு மடியில் டேப்லெட்டை வைத்துப் பத்துக் கேள்வி.
சிரிக்க முடிகிறதா.
ம்.
காரணமில்லாமல் உங்களையே குறை சொல்லிக்கொள்கிறீர்களா.
இல்லக்கா.

அடுப்படியில் மாமி பால்சுறாவோடு இருந்தாள்,
காது மட்டும் இங்கே கிடந்தது.
பால் ஊற வேண்டுமாம்.
ஊறத்தான் செய்தது,
ஜாக்கெட் நனைந்தது, சேலை நனைந்தது,
யாருடைய பிள்ளைக்கோ ஊறுகிற மாதிரி.

பத்தாவது கேள்வியை அக்கா மெதுவாக வாசித்தாள்.
கிணற்றுப் பக்கம் முதுகைத் திருப்பி உட்கார்ந்து
அப்படியெல்லாம் இல்ல என்றேன்.
'டிங்' என்று ஏற்றுக்கொண்டது டேப்லெட்.

அழுகை நின்ற பிறகும் என் காதில் நிற்காததை
எந்தக் கட்டத்தில் போடுவாள்?
அரிவாள்மனையை ராத்திரி எழுந்து எழுந்து
இடம் மாற்றி ஒளித்து வைப்பதை?
யாரிடமிருந்து ஒளிக்கிறாய் சேர்மக்கனி
என்று நானே கேட்டு
நானே பதில் சொல்லாமல் படுப்பதை?

ஸ்கூட்டி சத்தம் தெருமுக்கு வரை போய்
திரும்பி வந்தது.
"தூளிய மறந்துட்டேம்ட்டி."
மறந்தாளா, மறந்த மாதிரி வந்தாளா,
இன்றுவரை நான் கேட்கவில்லை.

சரியாக அந்த நேரத்தில் மாமி உள்ளிருந்து,
"அருவாமனய எங்கட்டி வச்ச?
மீன் கெடக்கு, ஆய ஒண்ணுமில்ல!"
"உரச்சாக்குக்குப் பின்னால."
"அங்க எதுக்கு?"

வாய் வரவில்லை.
அக்கா தூளியை மடித்தாள்,
மடித்ததை விரித்தாள், மறுபடி மடித்தாள்.
நாற்காலி கிடக்க, தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து,
"எம் மூத்தவன் பெறந்தப்போ
நான் தீப்பெட்டிய ஒளிச்சேன்" என்றாள்
எடை சொல்கிற அதே குரலில்.

அதற்கு மேல் நான் என்ன சொன்னேன் தெரியாது.
மாமி மீன் கையோடு கதவில் நின்றது தெரியும்.
அன்று குழம்பு வைக்கவில்லை.

வியாழக்கிழமை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி.
எண்பது மீட்டர் கோபுரத்தில்
இடுப்பில் கயிறு கட்டி ஏறுகிற ஆள் என் வீட்டுக்காரர்.
சீட்டுப் போடும் ஜன்னலில் குனிந்து
டாக்டரின் பிரிவைச் சொல்லக் குரல் ஏறவில்லை.
"பிள்ளைக்கா?"
"பிள்ளைக்க அம்மாவுக்கு."

இந்த மாத்திரை பாலுக்கு ஆகும் என்றார் டாக்டரம்மா.
எழுதிக் கொடுங்க, வீட்ல காட்டணும் என்றேன்.
எழுதி, கீழே கோடும் போட்டார்.

வாய் உலர்ந்தது. முதல் பத்து நாள் ஒன்றுமே நடக்கவில்லை.
பதினோராம் நாளும்.
பிறகு ஒரு மத்தியானம் பசித்தது.

ஐப்பசியில் காற்று விழுந்தது.
வரிசையாக நிற்கும் இறக்கைகளைக் காட்டி
லிங்கதுரை ஆறுதல் சொன்னார்:
"காத்து இல்லேன்னா நிக்கும் கனி.
ரிப்பேருன்னு அர்த்தமில்ல."
"ரிப்பேருன்னே சொல்லுங்க.
ரிப்பேருக்குத்தான நீங்க சம்பளம் வாங்குதிய."
அவர் முழுசாகச் சிரிக்கவில்லை.
நானும் முழுசாக இல்லை.

இப்போது ராத்திரி அடுப்படி அடங்கியதும்
அரிவாள்மனையை மாமியே எடுத்துப் போய்
தன் கட்டிலடியில் வைத்துக்கொண்டு படுக்கிறாள்.
அதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை.
ஒரு நாள் நானே கேட்டதற்கு,
"ஒனக்கு ஒரு வேலையாவது கொறையட்டும்" என்று
சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிள்ளை மேல் பாசம் வந்துவிட்டதா என்று
இன்னும் யாரும் நேராகக் கேட்கவில்லை.
கேட்டால் தெரியாது என்பேன்.
நேற்று அவனுக்கு விக்கல்.
எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடாமல்
பக்கத்திலேயே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன்.
பதினாலு.
பதினைந்தாவதற்குக் காத்திருந்தேன்,
வரவில்லை.