தீர்மானம் எண் ஏழு

அக்டோபர் இரண்டு. கிராம சபை.
தலைஞாயிறு பக்கம், ஆறு தேய்ந்து வாய்க்காலாகி
வாய்க்காலும் தேய்கிற ஊர்.
நான் ஊராட்சிச் செயலர்.
பேசுவது என் வேலையில்லை,
பேசுவதை எழுதுவது.

ஆறாவது தீர்மானம் கொசு மருந்து.
ஏழாவது:
பழைய உரக் கிடங்கில் தங்கியிருக்கும்
வங்காளத்து நடவு ஆட்களைக்
காலி செய்யச் சொல்வது.

முன்மொழிந்தவர் பக்கிரிசாமி.
"யாரு எவருன்னு தெரியல. பாஷையும் புரியல.
நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பொறுப்பு?"
எழுதிக்கொண்டேன்.
அவர் பெயரை எழுதும்போது மட்டும் பேனா சற்று நின்றது.
பிள்ளை தங்காத வீட்டில்
நாகூருக்கு நேர்ந்துகொண்டு வைத்த பெயர்.
எங்கிருந்தோ திருவோடு ஏந்தி வந்த ஒரு பக்கிரி
பாட்டன் பேரன் என்று மாறி மாறி
அந்தப் பெயருக்குள் குடியிருக்கிறார்,
வாடகை இல்லாமல்.
இதை நான் எழுதவில்லை.

அடுத்து எழுந்தது மாரிக்கண்ணு.
அவள் சொன்னது பொய்யில்லை.
"நாங்க இருவது பேர் நடுற வயல
அவங்க பத்து பேர் முடிச்சிடறாங்க.
எங்க கூலி என்னாவுறது?"
யாரும் வாய் திறக்கவில்லை.
ஏக்கருக்கு இவ்வளவு என்று
ஏஜெண்டிடம் அடித்துப் பேசியவர்கள்
முன்வரிசை நாற்காலியில் இருந்தார்கள்.
ரஃபிகுலுக்குப் போன வாரச் சம்பளம் பாக்கி வைத்ததும்
அதே நாற்காலிகள்தான்.
அவள் கூலியையும் அவன் கூலியையும்
ஒரே வரியில் எழுதினேன்.
என்னால் முடிந்தது அவ்வளவு.

மேட்டூர்த் தண்ணீர் கடைமடை தொட்ட அன்று
இதே சபைதான் மதகில் நின்று
பூவும் நெல்லும் தூவியது.
குடகில் பிறந்தவளே, உன் அட்டையைக் காட்டு,
எத்தனை நாள் தங்குவாய் என்று
ஒருவரும் கேட்டதாகப்
புத்தகத்தில் பதிவு இல்லை.
புரட்டிப் பார்த்தேன்.

பேச்சு முற்றுமுன் மழை.
பந்தல் துணி வயிறு பெருத்துக் கிழிந்தது.
பக்கத்தில் கூரை என்று இருந்தது
அந்தக் கிடங்கு ஒன்றுதான்.
ஓடினோம்.
நாற்காலிக்காரர்கள் முதலில்.

உள்ளே உலை கொதித்தது. கடுகெண்ணெய் வாசனை.
கொடியில் கிடந்த ஈரச் சேலைகளை ஒதுக்கி,
தூங்கிய குழந்தையை மூட்டைமேல் நகர்த்தி,
பாய்களை விரித்தாள் சாஹினா.
ஏதோ சொன்னாள்.
ஒருவருக்கும் புரியவில்லை.
ஐம்பது பேரும் உட்கார்ந்தோம்.

ரஃபிகுல் நீட்டிய கட்டம்போட்ட துண்டில்
பக்கிரிசாமி தலை துவட்டினார்.
மாரிக்கண்ணு சாஹினாவின் காலையே பார்த்தபடி இருந்தாள்.
பிறகு தன் விரலிடுக்கை விரித்துக் காட்டினாள்:
சேற்றுப்புண்.
சாஹினா சேலையை அரை சாண் தூக்கித்
தன்னுடையதைக் காட்டினாள்.
வேப்பெண்ணெய், என்றாள் இவள்.
வேப்பெண்ணெய், என்று தட்டுத்தடுமாறிச் சொல்லிப் பார்த்தாள் அவள்.
கூலிக் கேள்வி அப்படியேதான் நின்றது,
ஆனால் இப்போது
அதைக் கேட்க இரண்டு பேர்.

தகரத்தில் மழை இன்னும் விடவில்லை.
கோரம் இருந்தது, நோட்டைத் திறந்தேன்.
'தீர்மானம் எண் ஏழு' என்று எழுதி நிமிர்ந்தால்
பக்கிரிசாமி கையமர்த்தினார்.
"இப்ப எழுதாதய்யா.
நனைஞ்சிடும்"
என்றார்,
நனையாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு.