கூட்ஸ் வண்டி இல்லாத பதிப்பு

பாலத்துக்கு அந்தப்பக்கம் சபா கேன்டீனில் இலை போடும் மாதம்.
இந்தப்பக்கம் நான்
மணலி எடைமேடையின் பழைய ரசீதுகளைத் திருப்பிப் போட்டு
வருஷக் கணக்கு எழுதுகிறேன்:
காதுக்குள் எத்தனை வண்டி வந்தது,
சரக்கோடு எவ்வளவு, காலியாக எவ்வளவு.

எண்ணூர்ப் பையன்கள் மூன்று பேரின் 'சாம்பல் குட்டை'.
ஏழு பாட்டு, இருபத்திரண்டு நிமிஷம்.
கிரேன் பின்வாங்கும்போது பீப் பீப் என்று கத்துமே,
அதைத்தான் தாளமாக வைத்திருக்கிறார்கள்.
முதல் தடவை ஹெட்போனில் கேட்டபோது
பழக்கதோஷத்தில் ஓரம் ஒதுங்கினேன்.

காசிமேட்டு ரோஸ்லினுடையது ஏப்ரலில் வந்தது, தடைக்காலத்தில்.
ஐஸ் உடைக்கும் மிஷினுக்கு எதிரில் நின்று பாடுகிறாள்,
அதை ஜெயிக்கப் பார்க்காமல்
அதோடு பேரம் பேசுகிற மாதிரி.
மூன்றாவது பாட்டு ஒன்பது நிமிஷம். ஐந்தில் முடித்திருக்கலாம்.
சொன்னால் கோபித்துக்கொள்வாள்.
சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டாள்.

மெகபூப்பின் டிரம்பெட்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.
கல்யாண பேண்டில் முப்பது வருஷம் அடுத்தவர்களுக்காக ஊதியவர்,
மழைக்கு மூடிய கணேசபுரம் சுரங்கப்பாதையில்
முழங்கால் தண்ணீரில், ராத்திரி இரண்டு மணிக்கு,
யாருக்காகவும் இல்லாமல் ஊதியிருக்கிறார்.
ஒவ்வொரு சுரமும் போய்ச் சுவரைத் தொட்டு
ஈரமாகத் திரும்பி வருகிறது.
வேலைக்குப் போகிற நாளில் கேட்க முடியாது.

மறுபதிப்பு இரண்டு.
பெரம்பூர் ரயில்வே ஆட்கள் எப்போதோ வாசித்த நடன இரவு ஒன்று.
கிட்டார் ரெஜினால்டின் மாமா.
நடுவில் ஒரு தப்பு சுரம், அதைத் தொடர்ந்து ஒரு சிரிப்பு,
இரண்டையும் விட்டுவைத்திருக்கிறார்கள். புண்ணியவான்கள்.

அப்புறம் அது.
பாக்கெட் ஏழுமலையின் சாவு கானா, தொண்ணூற்றொன்றில் கேசட்,
பதினெட்டு ரூபாய்.
இப்போது பெர்லினிலிருந்து கனமான கறுப்புத் தட்டு,
மூவாயிரத்து இருநூறு, கூரியர் தனி.
அட்டையில் இருப்பது ஏழுமலை இல்லை,
டோலக் அடித்த அவர் மச்சான். அதைக்கூட மன்னித்தேன்.

கேசட்டில் இரண்டாவது பாட்டு,
பொணம் வாசலைத் தாண்டுகிற இடத்தில்
கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டி வரும்.
ஏழுமலை நிறுத்துவார். இருமுவார்.
"போவட்டும்" என்பார்.
வண்டி போகும், முழுதாக, கடைசிப் பெட்டி வரை.
அப்புறம் விட்ட சொல்லிலிருந்து பிடிப்பார்.

பெர்லின்காரர்கள் துடைத்துவிட்டார்கள்.
வண்டி இல்லை, இருமல் இல்லை, அந்தச் சொல் இல்லை.
வாசலைத் தாண்டிய பொணம்
ஒரே மூச்சில் மூலகொத்தளம் போய்விடுகிறது.

என்னிடம் ப்ளேயர் கிடையாது.
ரெஜினால்டு தன்னுடையதை மடியில் குழந்தைபோல் வைத்து
ஷேர் ஆட்டோவில் வந்தான்.
"லைனை ஒட்டின வீடு, ஊசிக்கு ஆகாது" என்றான்.
அதற்காகத்தான் கூப்பிட்டேன் என்று சொல்லவில்லை.

பதினொன்று நாற்பது கூட்ஸ் அன்றைக்கு லேட்.
இரண்டாவது பாட்டை நாலு தடவை போட்டோம்.
டீ ஆறியது. ரெஜினால்டு ஷூ மாட்டிக்கொண்டான்.
தட்டு தன்பாட்டுக்கு நான்காவது பாட்டுக்குப் போயிருந்தது,
சாவே இல்லாத பாட்டு, மீன் விலை பற்றிய நையாண்டி.
ஜன்னல் கம்பிதான் முதலில் பேசியது,
பிறகு டம்ளர், பிறகு தரை.
ஊசி துள்ளியது.
வஞ்சிரம் இன்னா, வஞ்சிரம் இன்னா, வஞ்சிரம் இன்னா,
ஏழுமலை விலை கேட்டுக்கொண்டே இருந்தார்
நாற்பத்து மூன்று பெட்டிக்கும்.
ஊசியைத் தூக்க ரெஜினால்டு கை நீட்டினான்.
மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.
யாராவது சொல்ல வேண்டும் இல்லையா,
நான் சொன்னேன்.

தட்டில் இப்போது மயிரளவு ஒரு கீறல்.
ரசீதில் அதற்கு நேராக
வந்த எடை, போன எடை இரண்டும் எழுதிவிட்டேன்.
மெகபூப்பை எங்கே வைப்பது என்றுதான்
இன்னும் தெரியவில்லை.