எம், கே, அரைப்புள்ளி

பாசையூர்க் கடற்றொழிலாளர் சங்கத்துக் கணினி
ஒவ்வொரு காலையும் கறுத்த திரையோடு காசு கேட்டது.
களவாய்ப் போட்ட விண்டோஸ்.
ஆர் போட்டது என்று கேட்டால்
எல்லோரும் கடலைப் பார்த்தார்கள்.

லினக்ஸ் இருந்த பென்டிரைவை
லேஞ்சியில் முடிந்துகொண்டு போனேன்.
நல்ல மழை. சின்னக்கடையடியில்
ஸ்கூட்டி இரண்டு தரம் நின்றது.
"சும்மா தாறதெண்டால் பழுதோ தங்கச்சி?"
தலைவர் றெஜினோல்ட் கேட்டார்.
சும்மா இல்லை அண்ணை, திறந்தது, என்றேன்.
அவருக்கு விளங்கவில்லை.
எனக்கும் அந்த நேரம் விளக்க வரவில்லை;
மேசைக்கடியில் குனிந்து
எலி கடித்த வயரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பொருளாளர் தெக்கிலா.
முப்பத்தாறு வயதில் பார்வை போனவர்.
பெண் ஒருவர் வேண்டும்,
மாற்றுத்திறனாளி ஒருவர் வேண்டும் என்று
கொழும்பிலிருந்து வந்த சுற்றறிக்கைக்கு
ஒரே ஆளாய்க் கணக்குத் தீர்க்கத் தெரிவானவர்.
கையெழுத்து விழவேண்டிய இடத்தில்
யாராவது அவர் விரலைப் பிடித்து வைப்பார்கள்.
அவ்வளவுதான் பதவி.

திரைவாசிப்பானைப் போட்டுப் பேரேட்டைத் திறந்தேன்.
ஒலிபெருக்கி சொன்னது:
எம், கே, அரைப்புள்ளி, கே, எச்.
"என்ன பிள்ளை இது, ஆரைப் பேசுது?"

முதல் வரி ஒரு படகின் பெயர்: அம்மா.
பதினேழு வருடக் கணக்கும் பாமினி எழுத்துருவில்.
கண்ணுக்கு மட்டும்தான் தமிழ்.
உள்ளே ஆங்கில எழுத்துகள்
தமிழ்ச் சட்டை போட்டுக்கொண்டு நின்றன.

மாற்றுவதற்கு ஒரு சின்ன நிரல் இருந்தது.
ஆரோ, எந்த ஊரிலோ, நித்திரை முழித்து எழுதி
எடுத்துப் பாவியுங்கோ என்று விட்டுப்போனது.
அதில் 'ஸ்ரீ' பிழையாய் வந்தது.
திருத்தி, திருத்தினதைத் திருப்பி அனுப்பினேன்.
நன்றி என்று ஒரு சொல் வந்தது, பெயரில்லாமல்.

அடுத்த சனி கூட்டம்.
மின்விசிறிச் சத்தம், பிளேன்ரீ, ஒரு பூனை.
தெக்கிலா அம்புக்குறியைத் தட்டத் தட்ட
மூக்கடைத்த ஒரு குரல் வரிவரியாய் வாசித்தது:
மண்ணெண்ணெய் மானியம். மரணச் சகாயம்.
வலைக்கடன். பெற்றவர் றெஜினோல்ட்.
தங்கூசி வலை மூன்று. இரண்டாயிரத்துப் பதினான்கு.
செலுத்தியது பூச்சியம்.

கண் தெரிந்த அத்தனை பேரும்
வருடாவருடம் பார்த்துக் கையொப்பமிட்ட வரி.

தெக்கிலா மேல் அம்பைத் தட்டினார்.
குரல் திரும்பவும் வாசித்தது,
அதே மூக்கடைப்போடு,
கூடவும் இல்லை, குறையவும் இல்லை.
"எனக்குச் சரியாக் கேட்கேல்லை," என்றார்.
கேட்டிருந்தது.

தலைவர் ஒரு தவணை கட்டினார்.
மிச்சத்துக்கு ஆனி வரை கேட்டிருக்கிறார்.

ஒரு பிழை இன்னும் கிடக்கிறது. என்னுடையது.
படகு எண்களுக்கு முன்னால் இருந்த ஜே, ஏ, எஃப்
உண்மையாகவே ஆங்கிலம்.
நிரல் அதையும் பிடித்துத் தமிழாக்கிவிட்டது:
துயுகு.
திருத்த வாறன் என்றேன். வேண்டாமாம்.
விடியப்புறம் இறங்குதுறையில்
"துயுகு நாற்பத்தொண்டு வந்திட்டுது" என்று கத்துகிறார்களாம்.
தெக்கிலா தராசடியில் நின்று
எத்தனை கிலோ எண்டு
இரண்டு தரம் கேட்கிறாராம்.