வள்ளியூர் பேருந்து நிலையத்தில் பதினோரு வீடுகள்

ஒரு படிவத்துக்கு எனக்கு நூற்றறுபது ரூபாய்.
டேப்லெட் ஆய்வு மையத்தினுடையது, குடை என்னுடையது.
கேள்விகள் நாற்பத்தேழு.
டெல்லியில் யாரோ எழுதி
சென்னையில் யாரோ தமிழாக்கியவை.
"தங்கள் இல்லம் இலக்கப் பொருளாதாரத்தில்
எந்த அளவுக்குப் பங்கேற்கிறது?"
மாவடியில் இதை வாய்விட்டு வாசித்தபோது
படுத்திருந்த நாய் எழுந்து போனது.
பிறகு நானே மாற்றிக்கொண்டேன்:
போன்ல காசு அனுப்புவியளா?

முதல் வீடு வானமாமலை.
ஏத்தன் வாழை எண்ணூறு மூடு.
ஆடிக் காற்றுக்கு முந்தி
முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.
கேள்வி பதினொன்று: இரண்டு கிலோமீட்டருக்குள் செல்போன் கோபுரம் உண்டா?
"என்ன தாயி கேக்கிய, எந் தோட்டத்துலதாம்லா நிக்கு."

நின்றது.
கம்பெனி முங்கிப்போய் ஏழு வருஷம்.
அதை இன்னொரு கம்பெனி வாங்கியதாம்,
அந்தக் கம்பெனியை வாங்கியது யாரென்று
வங்கி மேனேஜருக்கும் தெரியவில்லை.
வாடகை வந்து எண்பத்திரண்டு மாதம்.
ஜெனரேட்டர் கொட்டகைக்குள்
சவுக்குக் கம்பு, யூரியா மூட்டை, குட்டி போட்ட பூனை.
உச்சியில் சிவப்பு விளக்கு இருந்த இடத்தில்
ஒரு பருந்து.

"உண்டு" என்பதைத் தொட்டேன்.
வேலை செய்கிறதா என்று அடுத்த கேள்வி இல்லை.
பன்னிரண்டு நேராகக் கடன் செயலிக்குப் போய்விடுகிறது.

குறுங்குடிவல்லிக்கு சிக்னல்
மாட்டுத் தொட்டியின் தெற்கு மூலையில்.
அங்கே ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போன்.
அடித்தால் ஓடிவர வேண்டும்,
ஆனால் கையில் எடுக்கக் கூடாது, அறுந்துவிடும்.
தாராவியில் இட்லிக் கடை வைத்திருக்கும் புருஷனிடம்
குனிந்து "சாப்ட்டியளா" என்று
டப்பாவுக்குள் கேட்பாள்,
மாடு பார்த்துக்கொண்டே நிற்கும்.

கேள்வி இருபத்து மூன்று:
தினசரி சராசரி இணையப் பயன்பாடு, மணிக்கணக்கில்.
தெரியாது என்றால் 98.
பதில் இல்லை என்றால் 99.
தொட்டிக்கு எண் இல்லை.

இரண்டு நாள், பதினோரு வீடு.
ஒன்றுகூட மேலே போகவில்லை.
திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
மூன்றாம் நாள் வள்ளியூர் பேருந்து நிலையம்,
நாகர்கோவில் வண்டி நிற்கும் இடத்தில்
நாலு கோடும் முழுசாக வந்தது.
நன்னாரி சர்பத் குடித்து முடிப்பதற்குள்
பதினொன்றும் போயின.

திங்கட்கிழமை டெல்லியிலிருந்து ஒரு குரல்.
மரியாதையான குரல்.
உங்கள் பதினோரு வீடும்
வரைபடத்தில் ஒரே புள்ளியாக இருக்கின்றன.
அந்தப் புள்ளியில் கடைகளும்
ஒரு கட்டணக் கழிப்பறையும்தான் தெரிகின்றன.
இதைப் புனைவு என்று வகைப்படுத்துகிறோம்.

ஊரில் சிக்னல் இல்லை, என்றேன்.
விசைப்பலகைச் சத்தம் கேட்டது.
"அங்கே கோபுரம் இருக்கிறதே,
பட்டியலில் பார்த்துக்கொண்டுதான் பேசுகிறேன்."

ஐப்பசியில் அறிக்கை வந்தது.
வழவழ அட்டை, பணகுடிப் பக்கம் எடுத்த காற்றாலைப் படம்.
தென்மாவட்டங்களில் பதிலளித்தோரில்
நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பேர்
தடையற்ற இணைப்பில் இருக்கிறார்கள்.
பொய் இல்லை.
போய்ச் சேர்ந்த பதில்களின் கணக்கு அது.

ஆயிரத்து எழுநூற்று அறுபது ரூபாய்
இன்னும் வரவில்லை.

நேற்று வானமாமலை கூப்பிட்டார்.
தார் ஏற்றிக்கொண்டு வள்ளியூர் வந்தாராம்.
என்னை அவர் கோபுரக் கம்பெனி ஆள் என்றே
இத்தனை நாளும் நினைத்திருக்கிறார்.
அன்றைக்கு ஒப்பந்தக் காகிதத்தை எடுத்துவந்து
படம் பிடிக்கச் சொன்னார், பிடித்தேன்,
"பிற" என்ற கட்டத்தில் சேர்த்தேன்.
அது எங்கே கிடக்கிறதோ.

"மனு மேல போயிட்டா தாயி?"

போச்சு என்பதா, போய்த் திரும்பிவிட்டது என்பதா,
வாடகையைப் பற்றி நான் கேட்கவே வரவில்லை என்பதா.
சும்மா இருந்தேன்.

"அலோ. நீங்க பேசுதது எனக்குக் கேக்கு.
நாம் பேசுதது கேக்கா?"

கேக்கு, என்றேன்.
பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.